உறைகுளிர்ப் பெட்டிக்குள் ஒரு பௌதிகப் பாடம்

ஒரு பொறியை, அதனை ஆக்கியவர் கருதிய வேலைக்கே பயன்படுத்துவதற்கு மிகுந்த அறிவு வேண்டியதில்லை. ஆளியை அழுத்தத் தெரிந்தாற் போதும். அதே பொறியை அவர் கருதாத வேறொரு வேலைக்குத் திருப்ப வேண்டுமாயின், அஃது எவ்வெவ் விதிகளுக்கு அடங்கி நடக்கின்றது என்பதை ஒவ்வொன்றாக அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவன் கைப்பட்ட பொறி பழுதாகும். சிலவேளை உயிருக்கும் இடராகும். இவ்வுண்மைக்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்க ஐக்கிய நாட்டில் வீட்டுக்காரர் பலர் தம் கைப்படவே செய்துகொள்ளும் ஒரு கருவியை இவ்வாரம் ஆராய்வோம். மீனையும் இறைச்சியையும் உறைய வைப்பதற்கென விற்கப்படும், மேற்புறம் மூடியுடைய பிறீசர்ப் பெட்டியை, குழாயைத் திறந்தவுடன் குளிர்ந்த பியர் வழங்கும் பெட்டியாக அவர்கள் மாற்றிவிடுகின்றனர். பியர்க் கலத்தைக் குறிக்கும் 'கெக்' என்ற சொல்லையும் 'பிறீசர்' என்ற சொல்லையும் ஒட்டி அதற்குக் 'கீசர்' எனப் பெயருமிட்டுள்ளனர். குளியலறையில் வெந்நீர் தரும் கீசருடன் இதனை மயங்க வேண்டாம். அது சுடுவது, இது குளிர்விப்பது.

பியரைப் பற்றிய பேச்சு குடும்பத்தார் படிக்கும் பக்கத்தில் எதற்கு எனப் பெற்றார் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். குடியை வளர்ப்பது நம் நோக்கமன்று. நாம் கற்க விழைவது பெட்டியையே, அதிலுள்ள பானத்தையன்று. பியருக்குப் பதிலாக வெறுஞ் சோடா நீரை வைத்தாலும் இக்கருவி இம்மியும் மாறாது தொழிற்படும். மேலும், அமெரிக்கர் செய்வது அந்நாட்டுச் சட்டத்துக்கு அமைந்ததாகும். 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவிய அந்நாட்டில், விலக்கு நீங்கிய பின்னரும் வீட்டிலே பியர் வடித்தல் சட்டத்துக்கு மாறாகவே இருந்தது. 1978ஆம் ஆண்டு ஒக்டோபரில் சனாதிபதி காட்டர் ஒப்பமிட்ட சட்டமே, வளர்ந்தோர் இருவரோ அதற்கு மேற்பட்டோரோ வாழும் வீட்டில் ஆண்டுக்கு 200 கலன் வரை வரியின்றி வடித்துக்கொள்ள இடமளித்தது, விற்றல் ஆகாது. மிசிசிப்பி, அலபாமா ஆகிய மாநிலங்கள் 2013ஆம் ஆண்டிலேதான் இதற்கு இசைந்தன. நம் நாட்டிலோ உரிமப் பத்திரமின்றி மது வடித்தல் மதுவரிச் சட்டப்படி குற்றமாகும். ஆகவே இதனைப் படித்துவிட்டு எவரும் அடுப்பிற் பானையை ஏற்ற வேண்டாம்.

பியர் ஆலைக்கும் நம் ஆய்வுகூடத்துக்கும் உள்ள உறவு பழையது. 1767ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்சு நகரில் ஒரு பியர் ஆலையின் அயலிலே குடியேறிய யோசேப்பு பிரீசிலி என்பார், நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கி நின்ற வாயுவை ஆராயப் புகுந்து, அதனை நீரிற் கரைத்துச் சோடா நீரை ஆக்கினார். அவ்வாயுவே காபனீரொட்சைட்டு. வாயுக்கள் நீரிற் கரையும் அளவு அமுக்கத்தைப் பொறுத்தது என்பதை 1803ஆம் ஆண்டில் வெளியிட்டவர் மான்செசுற்றர் நகரத்து வில்லியம் என்றி. பின்னர், 1870ஆம் ஆண்டுகளில் காள் வொன் லிண்டே என்னும் செருமானியப் பேராசிரியர் குளிரேற்றும் பொறியை அமைத்தபோது, அவருக்குத் துணைநின்றவர்கள் மியூனிச் நகரத்துப் பியர் ஆலைக்காரரே. குளிரிற் கிடந்தே முதிரும் பியரை வடித்த அவர்கள், மாரியில் வெட்டிய பனிக்கட்டியைக் கோடைக்கெனச் சேமித்து அல்லற்பட்டவர்கள். ஆகவே, அமெரிக்க வீட்டுக்காரர் தம் பிறீசரைப் பியருக்கு ஆக்குவது, மணமாகிச் சென்ற பெண் தாய்வீட்டுக்கு வந்து போவதை ஒக்கும்.

குளிரின் அளவு

பிறீசர் எவ்வாறு குளிர்கின்றது? மண்பானையின் மேற்பரப்பிற் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது. பிறீசரிலும் நடப்பது அதுவே. அதன் குழாய்களில் ஓடும் ஒரு திரவம் ஆவியாகிப் பெட்டியின் உள்வெப்பத்தைக் கவர்கின்றது. வேறுபாடு யாதெனின், பானையின் ஆவி காற்றோடு போய்விடும். பிறீசரின் ஆவியையோ கொம்பிறசர் என வழங்கும் அமுக்கி பிடித்து நெருக்கி மீண்டும் திரவமாக்கி, கவர்ந்த வெப்பத்தைப் புறத்தே கொட்டச் செய்கின்றது.

இப்பொறி -18 பாகை செல்சியசு வரை குளிர்விக்குமாறு ஆக்கப்பட்டது. பியருக்கு வேண்டுவதோ 3 முதல் 5 பாகை. பூச்சியத்துக்குச் சில பாகை கீழே சென்றால் பியர் உறையத் தொடங்கும். நீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு பருமன் கூடும். இடமில்லாத கலம் விம்மும், குழாய் வெடிக்கும். ஆகவே பிறீசரின் வேகத்தை அடக்கவேண்டும்.

இதற்கென ஒரு வெப்பநிலைக் கட்டுப்படுத்தியைப் புறத்தே வைக்கின்றனர். பிறீசரின் மின்கம்பி சுவருக்குச் செல்லாமல் இக்கட்டுப்படுத்திக்குச் செல்லும். கட்டுப்படுத்தியின் கம்பியே சுவருக்குச் செல்லும். அதன் உணர்கருவி பெட்டிக்குள்ளே கிடக்கும். உள்ளே 3 பாகை ஆனதும் மின்னோட்டம் துண்டிக்கப்படும். 5 பாகைக்கு ஏறியதும் மீண்டும் இணைக்கப்படும். பிறீசரின் உள்ளுறுப்பு எதனையும் தொடவேண்டியதில்லை.

உணர்கருவியை எங்கே வைப்பது என்பதில் ஒரு நுட்பமுண்டு. அதனை வெறுங் காற்றிலே தொங்கவிட்டால், மூடியைத் திறந்த மாத்திரத்திலே காற்றுச் சூடேறும், பொறி ஓடும், சிறிது நேரத்திற் காற்றுக் குளிரும், பொறி நிற்கும். இவ்வாறு ஓயாது ஓடுவதும் நிற்பதுமாக இருந்தால் அமுக்கி விரைவிலே கெட்டுவிடும். ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை சூடாக்க வேண்டிய வெப்பம், ஒரு லீற்றர் காற்றுக்கு வேண்டியதினும் ஏறக்குறைய 3,500 மடங்காகும். ஆதலின் உணர்கருவியை நீர் நிறைந்த ஒரு போத்தலுள் அமிழ்த்தியோ பியர்க் கலத்தின் பக்கத்தில் ஒட்டியோ வைப்பர். நீர் நிதானமுடையது, காற்றைப் போலக் கணத்துக்குக் கணம் மாறாது. மேலும், நின்ற அமுக்கி மீண்டும் ஓடுமுன் மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை தாமதிக்கும்படி கட்டுப்படுத்தியை அமைப்பர். அமுக்கியின் இருபுறத்து அமுக்கமும் சமப்படும்வரை அதனை ஓட்டுதல், மூச்சிரைக்க நிற்பவனை மீண்டும் ஓடென விரட்டுவதற்கு ஒப்பாகும்.

இம்மாற்றத்தால் மின்சாரமும் மிச்சமாகின்றது. பெட்டியின் சுவரூடாக உள்ளே கசியும் வெப்பம், உள்ளுக்கும் புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. புறத்தே 30 பாகையாயின் -18 பாகையிலுள்ள பெட்டிக்கு வேறுபாடு 48. 3 பாகையிலுள்ள பெட்டிக்கு 27. கசிவு பாதிக்குச் சற்று மேலாகவே இருக்கும். அன்றியும், மேற்புறம் திறக்கும் பெட்டியைத் திறந்தாலும் அடர்த்தி மிக்க குளிர்காற்று வாளியில் நீர் நிற்பதுபோல உள்ளேயே நிற்கும். முன்புறம் திறக்கும் குளிரேற்றியிலோ கதவைத் திறந்தவுடன் அது காலடியில் வழிந்தோடிவிடும்.

சட்டகமும் குழாயும்

குழாய்களைப் பொருத்துவதற்குப் பெட்டியில் துளையிடவேண்டும் அன்றோ? அறியாதவன் துரப்பணத்தை எடுத்துப் பெட்டியின் பக்கச் சுவரிலே துளையிடுவான். இவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் குளிரூட்டும் திரவம் ஓடும் குழாய்கள் அச்சுவருக்குள்ளேதான் மறைந்து கிடக்கின்றன. ஒன்று துளைபட்டால் பெட்டி அன்றோடு பழைய இரும்பே. இக்காலப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்னும் தீப்பற்றும் வாயு உள்ளமையால், துரப்பணத்தின் பொறியே பேரிடராகவும் கூடும்.

அறிந்தவர் பெட்டியைத் தொடாமலே துளையிடுவர். மூடியைக் கழற்றி, ஏறத்தாழ அரையடி உயரமுள்ள பலகைச் சட்டகம் ஒன்றைப் பெட்டியின் வாயிற் பொருத்தி, அதன்மேல் மூடியைப் பிணைச்சலுடன் மீண்டும் பூட்டுவர். குழாய்கள் அப்பலகையூடாகவே வெளிவரும். உட்புறத்தில் வெப்பங்கடத்தாத தகட்டை ஒட்டி, விளிம்பில் இறப்பர்ப் பட்டி இடுவர். பெட்டிக்கு ஒரு கீறலும் இல்லை; வேண்டாதபோது பழையபடி மாற்றிவிடலாம். உயரமும் கூடுவதால் கலங்கள் நிமிர்ந்து நிற்க இடமுண்டாகும்.

இக்கலங்கள் ஐந்து அமெரிக்கக் கலன், அதாவது ஏறத்தாழ 19 லீற்றர் கொள்ளும் துருப்பிடியா உருக்குக் கலங்கள். முன்னாளில் இனிப்புப் பானக் கம்பனிகள் தம் பாகை இவற்றில் அடைத்தே கடைகளுக்கு அனுப்பின. பின்னர் அட்டைப் பெட்டிக்குள் வைத்த பைகளுக்கு அவை மாறியமையால், பழைய கலங்கள் மலிவாகக் கைக்கு வந்தன. ஒருவர் கழித்ததை மற்றொருவர் கருவியாக்கினர்.

வாயுவும் அமுக்கமும்

உயர்தர வகுப்பில் என்றியின் விதி யாதென வினவினால், மாணவர் ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்புவிப்பர். வெயிலில் நின்ற சோடாப் போத்தல் திறந்தவுடன் ஏன் சீறிப் பொங்குகின்றது என வினவினால், வகுப்பில் ஓசை அடங்கிவிடும். இரண்டும் ஒரே வினா என்பதை நாம் கற்பிக்கத் தவறிவருகின்றோமோ என்ற கவலை ஆசிரியர் பலருக்கும் உண்டு. இப்பெட்டி அக்குறையை நிரப்பவல்லது.

திரவத்தில் வாயு கரையும் அளவு அமுக்கம் கூடக் கூடும். வெப்பநிலை கூடக் குறையும். 3 பாகைக் குளிரில், சதுர அங்குலத்துக்கு 12 இறாத்தல் அமுக்கத்தில் காபனீரொட்சைட்டைச் செலுத்திச் சில நாட்கள் விட்டால், பியர் தன் பருமனைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வாயுவைத் தன்னுட் கரைத்துக்கொள்ளும். 20 பாகையில் அதே அளவு வாயு கரைய வேண்டுமாயின் ஏறத்தாழ 28 இறாத்தல் வேண்டும். எனவே பெட்டியின் குளிர் தவறினால் அமுக்கக் கணக்கும் தவறும். குழாயில் வருவது பியரன்று, நுரையே. அடியில் குளிரும் மேலே வெம்மையும் தங்காதிருத்தற்குப் பெட்டியுள் ஒரு சிறு விசிறியைச் சுழலவிடுவதும், கலத்திலிருந்து குழாய்வாய் வரை மெல்லிய பிளாத்திக்குக் குழாயை 6 முதல் 10 அடி நீளத்துக்குச் சுருட்டி வைப்பதும் இது பற்றியே. குறுகிய நெடுங் குழாயில் உராய்ந்து வரும் திரவத்தின் அமுக்கம் படிப்படியாகத் தணியும். திடீரெனத் தணிந்தால் கரைந்த வாயு முழுதும் ஒருங்கே வெளிப்பட்டுப் பொங்கும்.

வாயு வருவது ஒரு சிறு உருக்குச் சிலிண்டரிலிருந்து. அதனுள்ளே காபனீரொட்சைட்டு திரவமாக அடைபட்டிருக்கின்றது. 20 பாகையில் அதன் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறக்குறைய 57 மடங்கு. சமையல் வாயுச் சிலிண்டரின் தலையில் நாம் காணும் ரெகுலேற்றரை ஒத்த அமுக்கச் சீராக்கியே அதனை 12 இறாத்தலுக்கு இறக்குகின்றது. சீராக்கியின்றி இச்சிலிண்டரைக் கலத்தோடு இணைப்பவன், தன் கையாலே வெடிகுண்டு செய்பவன் ஆவான். உள்ளே ஒரு துளி திரவம் எஞ்சும்வரை சிலிண்டரின் அமுக்கமானி குறையாது. ஆதலின் எஞ்சிய அளவை அறிய அதனை நிறுத்துப் பார்த்தலே வழி.

இன்னுமொன்று. 1869ஆம் ஆண்டில் பெல்பாசுற்று நகரத்துத் தோமசு அன்றூசு, 31 பாகைக்கு மேற்பட்டால் எத்துணை அமுக்கினாலும் காபனீரொட்சைட்டு திரவமாகாது என விளக்கினார். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில் இவ்வெல்லையைக் கடப்பது வழக்கம். அப்போது நம் கட்டடங்களில் தொங்கும் காபனீரொட்சைட்டுத் தீயணைகருவியின் உள்ளே திரவம், ஆவி என்ற வேறுபாடே இல்லாதொழிகின்றது. அமுக்கமும் மிக ஏறுகின்றது. அதனை வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்வது வீண் சடங்கன்று.

கண்ணுக்குப் புலப்படாத இடர்

வாசகர் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி இது. காபனீரொட்சைட்டு நிறமற்றது, காற்றினும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரமானது. மேற்புறம் திறக்கும் பெட்டியிற் குளிர்காற்று எவ்வாறு தேங்குகின்றதோ அவ்வாறே கசிந்த வாயுவும் தேங்கும். பெட்டியின் நற்குணம் எதுவோ அதுவே ஈண்டு தீக்குணமாகின்றது. கணக்கிட்டுப் பார்ப்போம். வீடுகளிற் பயன்படும் சிலிண்டர் ஒன்று 5 இறாத்தல், அதாவது 2.27 கிலோகிராம் வாயு கொள்ளும். 44 கிராம் வாயு அறை வெப்பநிலையில் 24 லீற்றர் இடத்தை அடைக்கும். எனவே முழுச் சிலிண்டரும் கசிந்தால் 1,200 லீற்றருக்கு மேலாகும். 200 லீற்றர்ப் பெட்டியை அஃது ஆறு முறை நிரப்பவல்லது. பத்தடி நீளமும் பத்தடி அகலமும் ஒன்பதடி உயரமும் உள்ள மூடிய அறையிற் கலந்தால், காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பங்காகும். சாதாரண காற்றில் இருப்பதோ 10,000 பங்கில் ஏறத்தாழ நான்கு. நூற்றுக்கு நான்கு பங்கையே உயிருக்கு உடனடியாக அபாயம் தரும் அளவென அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனம் வகுத்துள்ளது.

ஆகவே அறிந்தவர் சிலிண்டரைப் பெட்டிக்குப் புறத்தே நிமிர்த்திக் கட்டி வைப்பர். ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நீரைத் தடவிக் குமிழி எழுகின்றதா எனப் பார்ப்பர். அறைக்குக் காற்றோட்டம் விடுவர். மூடியைத் திறந்தவுடனே தலையை உள்ளே நீட்டார். பாழ்ங்கிணற்றில் இறங்கியவன் மயங்கி விழ, அவனைத் தூக்க இறங்கியவனும் மாண்ட செய்திகளை நாம் பத்திரிகைகளிற் படித்திருக்கின்றோம். கெட்ட வாயு தேங்கிய கிணறும் வாயு தேங்கிய பெட்டியும் ஒன்றே. விழுந்தவனைக் கண்டு பாய்ந்திறங்குதல் வீரமன்று. காற்றை உட்செலுத்துவதும் உதவிக்கு ஆளழைப்பதுமே முதற் கடமை.

ஈரமும் மின்சாரமும் சேருமிடத்தில் மற்றோர் இடர் உண்டு. 3 பாகையில் வைத்த பெட்டியின் அடியில், காற்றின் ஈரம் ஒடுங்கி நீராகத் தேங்கும். அதனை அடிக்கடி துடைக்கவேண்டும். கட்டுப்படுத்தியை ஈரம் படாத உயரத்தில் அமைக்கவேண்டும். புவித்தொடுப்புக் கம்பியை எக்காரணத்தாலும் நீக்கலாகாது.

பெற்றார்க்கு ஒரு சொல். பிறீசரை எவ்வேலைக்கு வைத்திருந்தாலும், பழுதான பின் மூடியுடன் கொல்லையிற் போட்டுவிடாதீர்கள். ஒளித்து விளையாடும் பிள்ளைகள் உள்ளே புகுந்து மூச்சடைத்து மாண்டமையாலேயே, வீட்டுக் குளிரேற்றிகளின் கதவு உள்ளிருந்தும் திறக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் எவ்வாறிருப்பினும், ஒரு திருகாணி முடுக்கியும் ஐந்து நிமிடமும் இருந்தால் மூடியை நாமே கழற்றிவிடலாம்.

மாணவர்க்கு

மாணவர்களே! ஒரு பெட்டிக்குள்ளே ஆவியாதல், தன்வெப்பம், வெப்பக் கடத்தல், வாயுக்களின் கரைதிறன், அடர்த்தி, உராய்வு என நீங்கள் படித்த அதிகாரங்கள் எத்தனை ஒன்றுகூடி நிற்கின்றன பாருங்கள். பரீட்சைத் தாளில் ஒரு விதியைப் பிழையாக எழுதினால் சில புள்ளிகளே போகும்; இங்கே பிழைத்தால் கலம் வெடிக்கும், பொறி கெடும், ஆள் மயங்கி விழுவான். அமெரிக்க வீட்டுக்காரர் இக்கருவியைச் செய்து முடிக்கும்போது பெறும் பெரும்பேறு குளிர்ந்த பானமன்று. தான் படித்த விதி மெய்யென்பதைத் தன் கையால் அறிந்த நிறைவே. அந்நிறைவைப் பெறப் பிறீசரும் பியரும் வேண்டுமென்பதில்லை. வீட்டிலுள்ள மண்பானையும் சோடாப் போத்தலும் சமையல் வாயுச் சிலிண்டரின் ரெகுலேற்றரும் போதும். அவை ஏன் அவ்வாறு தொழிற்படுகின்றன என்று கேட்கும் பழக்கமே வேண்டும்.

அப்பழக்கத்துக்குத் தொடக்கமாக இரு வினாக்கள். ஒன்று: ஒரே வகையான இரு சோடாப் போத்தல்களுள் ஒன்றைப் பனிக்கட்டியிலும் மற்றதை வெயிலிலும் ஒரு மணித்தியாலம் வைத்துத் திறந்தால், எது மிகுதியாகப் பொங்கும்? காரணத்தை உங்கள் சொந்த வசனத்தில் எழுதுக. புத்தக வசனம் வேண்டாம். இரண்டு: 30 பாகையிலுள்ள 19 லீற்றர் நீரைப் பிறீசரில் வைத்து 3 பாகைக்குக் குளிர்விக்க வேண்டும். பொறி நீரிலிருந்து செக்கனுக்கு 80 யூல் வெப்பத்தை அகற்றுமாயின் எவ்வளவு நேரம் செல்லும்? விடை ஏழரை மணித்தியாலத்தை அண்மியதாயின் உங்கள் வழி சரியானது. அண்மிக்காவிடின், நாளைக் காலை உங்கள் பௌதிக ஆசிரியரிடம் கொப்பியைக் கொண்டு சென்று காட்டுக.